வெள்ளத்தாய் பேரில் ஒரு புத்தகம்

"இந்த வெள்ளத்தாய் யாரும்மா?"

சுந்தரம் அண்ணாச்சியின் விரல் உறுப்பினர் பதிவேட்டில் அந்தப் பேரின் மேல் வந்து நின்றது. ரேஷன் கடை நடத்துகிறவர். நகக்கண்ணில் எப்போதும் கோதுமை மாவு இருக்கும்.

வெளியே மழை. வாசகசாலையின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் அண்ணாச்சி கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தோட்டத்து லயத்துல இருக்கறவங்க. என்ர கிட்டப் புத்தகம் வாங்கறவங்க" என்றேன்.

"லயத்துல எந்த வீடு?"

"ஏழாம் நம்பருங்க."

"ஏழாம் நம்பர் வெள்ளத்தாய் செத்து ரெண்டு மழைக்காலம் ஆச்சு. ரேஷன்ல அவ பேரை வெட்டுறதுக்கு எழுதிக் குடுத்தவனே நான்தான். செத்தவ எந்திரிச்சு வந்து புத்தகம் வாங்கிட்டுப் போனாளா?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். தலைவர் தாமஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஒரு மாதச் சோதனை முடிந்து, அந்த வாசகசாலையில் நூலகர் வேலை எனக்கு உண்டா இல்லையா என்று முடிவு சொல்லும் நாள் அது. வெள்ளத்தாய் யார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை. சொல்லாவிட்டால் ஊருக்குப் பஸ்.

அனுபவம் இருக்கா?

சக்குபள்ளம் பக்கத்து ஏலமலைக்கு, கோயமுத்தூரை ஒட்டிய கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்காரி எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நூலக அறிவியல் படித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் இந்த நாடு கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. அனுபவம் இருக்கா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் எல்லா இடத்திலும் கேட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், என்ன செய்ய.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், "லைப்ரரி பீரியட்ல கணக்கு சார் பாடம் எடுத்துக்குவாருங்க. நீங்க காலையிலயும் சாயங்காலமும் பிள்ளைகளைப் பஸ்ல ஏத்தி இறக்கணும்" என்றார்கள்.

இன்னொரு கல்லூரியில் இன்னும் விசேஷம். "நீங்க தினமும் வர வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் வந்து நாற்காலியில உக்காந்தாப் போதும்."

"புத்தகமெல்லாம் சொந்தமுங்களா, அதும் அன்னிக்கு மட்டும் வாடகைக்குங்களா?" என்று கேட்டேன். அந்த வேலையும் போச்சு.

எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என் இன்டர்வியூக்களும் அப்படித்தான் நடந்தன. உள்ளே யார் விரலை யார் பிடித்தார்கள் என்று, வெளியே கட்டிப் போட்டிருந்த எனக்குத் தெரியவே தெரியாது.

சர்க்கார் பரீட்சையும் எழுதினேன். ரேங்க் லிஸ்டில் என் பேர் இருந்தது. லிஸ்டில் இருந்தபடியே லிஸ்டின் காலம் முடிந்து போனது. அடுத்த பரீட்சைக்கு வயசு வரம்பு என் கழுத்துக்கு வந்துவிட்டது. இனித் தனியார் வேலை என்றால் அனுபவச் சான்றிதழ் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

அப்பனுக்கு என் படிப்பு என்னவென்றே கடைசி வரை பிடிபடவில்லை. "புத்தகத்தை அடுக்கறதுக்கு ஒரு படிப்பா கண்ணு? நானு வைக்கப்போரே அடுக்கறேன், ஒருத்தனும் பட்டம் குடுக்குலியே" என்பார். கேலிதான். ஆனால் அந்தத் தையில் கேலியை விட்டுவிட்டு வேறு சொன்னார்.

"உன்ர சித்தப்பன் தீவனக் கடைக்கு ஆளு வேணுங்கறான். இன்னொரு எடம் பாரு. அதும் ஆகுலீன்னா கடையில போயி உக்காரு. நானும் எத்தனை நாளைக்குச் சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்றது?"

தவிடு, புண்ணாக்கு, எலி. சித்தப்பாவின் கடை வாசம் நினைத்த மாத்திரத்தில் மூக்கில் ஏறியது.

தமிழும் மலையாளமும் வேண்டும்

நூலகர் வேலை எங்கே காலி என்று பேப்பரில் வருவது குறைவு. எங்களுக்கு எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான். கூடப் படித்தவர்கள் யாராவது வேலையை விட்டால், மேனேஜருக்குச் சொல்வதற்கு முன்னால் குரூப்பில் சொல்வார்கள். யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் வாழ்த்துக்கு அடியிலேயே, "அப்ப உங்க போஸ்ட் காலியாகுமா?" என்று ஒருத்தி கேட்பாள். கேவலம்தான். நானே கேட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் வந்தது செய்தி. இடுக்கி எல்லையில் ஒரு கிராம வாசகசாலை. பெண் நூலகர் வேண்டும். தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிய வேண்டும். பையில் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கொடுத்து வாங்க வேண்டும். அனுபவம் கட்டாயமில்லை.

கடைசி வரியை நான் நாலைந்து தரம் படித்தேன்.

"அது எங்க இருக்குது?" என்றார் அப்பன்.

"நம்ம கேரளாவுலதானுங்கப்பா."

கேரளம்தான். ஆனால் எங்களூரிலிருந்து அங்கே போக, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டையே சுற்றிவிட்டு, அப்புறம் ஜீப்பில் மலை ஏற வேண்டும். கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஏறினேன். வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டியது. ஒரு அம்மா என் வாயில் ஒரு எலுமிச்சைத் துண்டைத் திணித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்.

தாமஸ் சார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கொஞ்சம் ஏலத்தோட்டமும் உண்டு. மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "ஒரு மாசம் நோக்காம், தங்கமணி மோளே. லயத்துல இருக்கிற ஸ்திரீகள் இதுவரை ஒருத்தரும் மெம்பர் ஆகலை. வாசிக்க ஆள் இல்லைன்னு இன்ஸ்பெக்‌ஷன்ல எழுதினா, இந்த போஸ்ட்டே போகும். லயத்தை நீ கொண்டு வா. வேலை உனக்கு."

அண்ணாச்சியும் அன்றே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "எம் மருமகளும் இதே படிப்புதான் சார். உள்ளூர்க்காரி. இந்தப் பிள்ளைக்குச் சரிப்படலேன்னா பாத்துக்கோங்க."

கழுத்தில் தொங்கிய அட்டை

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஒரே கூரை, பக்கத்தில் பக்கத்தில் கதவு.

முதல் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தயாராகிப் போனேன். கஞ்சி போட்ட புடவை. கம்பத்தில் சொந்தச் செலவில் அடித்த போட்டோ அட்டை கழுத்தில். ஒரு கையில் பதிவேடு, தோளில் புத்தகப் பை.

"ஏனுங்க, ஊட்டுல ஆருங்க இருக்கறீங்க? உங்க பேரு என்னங்க? வயசுங்க? எத்தனாவது நம்பருங்க? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஒருத்தர்கூட மறுக்கவில்லை! கேட்டதும் பேர் சொன்னார்கள், வயசு சொன்னார்கள், கொடுத்த புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். பை காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் நின்றே அப்பனுக்குப் போன் போட்டேன். "ஒரே நாள்ல லயம் பூராவும் மெம்பருங்கப்பா. என்ர பேச்சு அப்படி."

அப்பன் "ம்" என்றார்.

யாரும் என்ன புத்தகம் என்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. அந்த மலையில் வாசலுக்கு வந்தவருக்குக் கட்டன் சாயா கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள், எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அதெல்லாம் அப்போது மண்டையில் ஏறினால்தானே.

அடுத்த ஞாயிறு ஏழாம் நம்பர் வாசலில் நின்று, "வெள்ளத்தாய் அக்கா!" என்று கூப்பிட்டேன். எதிரே துணி அலசிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. போன வாரம் அந்தப் பேரைச் சொன்னவரே அவர்தான்.

பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட யாரும் திரும்பவில்லை. திறந்திருந்த வீடுகளில் எட்டிப் பார்த்தால், நான் கொடுத்த புத்தகம் பாலித்தீன் பைக்குள் கட்டியபடி பரணில் இருந்தது. தொடவே இல்லை. என் வேலை என் கண் முன்னாலேயே கழன்று போவது தெரிந்தது. ஒன்றும் புரியாமல் நடு வாசலில் நின்றேன்.

துணி அலசிக்கொண்டிருந்த அம்மா எழுந்தார். கையை உதறிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டாம் பாகம் இருக்கா?" என்றார்.

"என்னங்க?"

"அந்த ராசா கதை. சுரங்கத்துக்குள்ள போன பொண்ணு வெளிய வந்தாளா இல்லையா? அதோட நிக்குது முதப் பாகம். ஒரு வாரமா எனக்கு வேலை ஓடல."

அவர் கையிலிருந்து ஏலக்காய் வாசம் அடித்தது. சோப்புக்கும் போகாத வாசம் அது.

"என் பேரு வெள்ளத்தாய் இல்ல. அது செத்துப்போன என் மாமியா. நான் பேச்சியம்மா. ரெண்டாம் பாகம் வேணுங்கிறதுக்காகச் சொல்றேன், யார்ட்டயும் ஊதிராத."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. லயத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ரேஷன் கார்டு இங்கே ஒன்று, கம்பத்தில் ஒன்று. ஓட்டும் அப்படியே. பாதி வருஷம் இங்கே வேலை, பாதி வருஷம் அங்கே வீடு, எந்தப் பக்கத்தை விடுவது? அந்த மாதம் பார்த்து, ரெட்டைக் கார்டு பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று ஜீப்பெல்லாம் பேச்சு. அந்த நேரத்தில்தான் நான் அட்டையும் பதிவேடுமாகப் போய் நின்றிருக்கிறேன்.

"கழுத்துல போட்டோ, கையில நோட்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுற. எங்ககிட்ட இத்தனை மரியாதையா யாரு பேசுவா? ஆபீசருதான் பேசுவான், மாட்டிவிடுறதுக்கு முன்னால. அதான் செத்தவ பேரு, கம்பத்துல இருக்கிற நாத்தனா பேருன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னோம்."

"அப்புறம் புத்தகத்தை எதுக்குங்க வாங்குனீங்க?"

"வாங்கலேன்னா அதையும் எழுதிட்டுப் போயிருவியே!"

நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். நாங்கள் சிரித்த சத்தம் கேட்டுப் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தது.

"முக்கியமா அந்த ரேஷன் கடை அண்ணாச்சி காதுக்குப் போயிரக் கூடாது தாயி. கார்டு போச்சுன்னா அடுப்பு போச்சு" என்றார் பேச்சியம்மா.

"என்ர வாயிலிருந்து வராதுங்க" என்றேன். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். அதன்பிறகு அதைப் போடவே இல்லை.

பதிவேட்டில் அந்தப் பேர்களை அப்படியே விட்டேன். அடித்துத் திருத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். மாதம் முடிவதற்குள் பரணிலிருந்த புத்தகங்கள் கீழே இறங்கின. மஞ்சள் கறையோடும் எண்ணெய் விரலோடும் திரும்பி வந்தன. எனக்குச் சாயா கிடைத்தது.

சொல்ல மாட்டேன்

இனி அந்த மேசைக்குத் திரும்புவோம்.

"மோளே, சத்யம் பற, உள்ளதைச் சொல்லு" என்றார் தாமஸ் சார். "இல்லாத ஆளுக்கு மெம்பர்ஷிப் எழுதினா, உன் வேலை மட்டும் இல்லை, இந்த வாசகசாலையே போகும். ஆரு படிக்கிறது?"

"படிக்கறவங்க இருக்காங்க சார். புத்தகம் போயிருக்குது, திரும்பி வந்திருக்குது. பேயா படிச்சுது?"

"அப்ப யாருன்னு சொல்லிட்டுப் போறது" என்றார் அண்ணாச்சி.

"சொல்ல மாட்டேனுங்க."

"சொல்லாட்டி வேலை தர முடியாது" என்றார் தாமஸ் சார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டு வந்தது.

"தெரியுமுங்க சார்."

யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதை நூலகர் வெளியே சொல்லக் கூடாது என்று வகுப்பில் ஒரு பாடம் உண்டு. ஒரு மார்க் கேள்விக்குத் தேறும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. பேச்சியம்மா சொன்ன அடுப்புதான் கண்ணில் நின்றது. கூடவே தவிட்டு மூட்டையும் நின்றது, பொய் சொல்வானேன்.

அண்ணாச்சி அதோடு விட்டிருந்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் விரல் கீழே இறங்கியது.

"இந்தா, காளியம்மா. இது கம்பத்துல குடியிருக்கிற பொம்பளையில்ல? இங்க எப்படி மெம்பரானா? சார், இதுல வேற என்னமோ இருக்கு. எந்திரிங்க. லயத்துக்குப் போய் வீடு வீடாக் கேட்டுருவோம். கார்டையும் எடுக்கச் சொல்லிப் பாத்துருவோம்."

ஜீப் சாவியை எடுத்துவிட்டார். வேலை போவது என்னோடு முடிந்துவிடும். இது முடியாது. நான் எழுதிய பேர்களை வைத்தே அந்த வீடுகளைப் பிடிக்கப் போகிறார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து, "தாயி, கொஞ்சம் தள்ளு" என்றது ஒரு குரல்.

கரும்பு

பேச்சியம்மா. தலையில் பாலித்தீன் தாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் லயத்துக்கு வரவில்லை என்றதும் அவரே கிளம்பி வந்துவிட்டார். மாராப்புக்குள்ளிருந்து ரெண்டாம் பாகத்தை எடுத்தார். தலை நனைந்திருந்தது, தோள் நனைந்திருந்தது, புத்தகம் நனையவில்லை.

அப்புறம்தான் அண்ணாச்சியைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"வா பேச்சியம்மா, நல்ல நேரத்துல வந்த" என்றார் அண்ணாச்சி. "அது யார் பேர்ல எடுத்த புத்தகம்?"

பேச்சியம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க மாமியா பேர்ல" என்றார்.

"செத்தவ பேர்லயா? ஏன், உனக்குப் பேர் இல்லையா? உம் பேரைச் சொல்ல என்ன பயம்?"

மழை கூரையை அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சியம்மா புத்தகத்தை மேசைமேல் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, வீட்டுல அக்காவுக்கு முட்டுவலி தேவலையா?"

"அதுக்கென்ன இப்ப?"

"இல்ல, பொங்கலுக்குக் கம்பத்து ரேஷன் கடையில கரும்பு வாங்க நின்னோம்ல. எனக்கு முன்னாடிதான் நின்னாக. வரிசை நகரவே இல்ல. பாவம், கால் கடுத்துப் போச்சுன்னு ரொம்பச் சடைச்சுக்கிட்டாக."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. நிஜமாகவே நலம் விசாரிப்பது போலத்தான் இருந்தது. பொங்கல் கரும்பு தமிழ்நாட்டுக் கார்டுக்குத்தான் உண்டு என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கேரள ரேஷன் கடைக்காரரின் சம்சாரம் அங்கே எந்தக் கார்டோடு நின்றார் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் விரல் பதிவேட்டைவிட்டு எழுந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கரும்போ? ஏது கரும்பு?" என்றார் தாமஸ் சார்.

"ஒண்ணுமில்ல சார். படிக்கிற ஆளு நேர்ல வந்தாச்சு, புத்தகமும் வந்தாச்சு. பெறகென்ன."

தாமஸ் சார் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். அந்த எல்லையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். தேவைக்கு மேலேயே துடைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அப்போ தங்கமணி இவிடெ இருக்கட்டே" என்றார். "நாளைக்கே ஜாயின் பண்ணு."

நான் "சரிங்க சார்" என்று சொன்னேனா, அழுதேனா என்று ஞாபகமில்லை. ரெண்டும் செய்ததாகப் பேச்சியம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கமிட்டி கலைந்ததும் பதிவேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "இனி ஒருத்தரும் கார்டு கேட்டு வர மாட்டாங்கக்கா. உங்க சொந்தப் பேர்லயே எழுதிக்கறேனுங்க" என்றேன்.

அவர் அலமாரியில் மூன்றாம் பாகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"வேண்டாம் தாயி, அவ பேரே இருக்கட்டும். கெழவி உசுரோட இருந்தவரைக்கும் நான் பொட்டலம் கட்டுன தாளை வாசிச்சாக்கூடப் புடுங்கி அடுப்புல போடுவா. இப்ப அவ பேர்லயே வாங்கி வாசிக்கேன். வந்து கேக்கச் சொல்லு பாப்போம்."

வெள்ளத்தாய், ஏழாம் நம்பர், மூன்றாம் பாகம் என்று எழுதினேன். நூலகராக நான் எழுதிய முதல் வரி அதுதான்.